சுடாத தரை

இவ்வாண்டின் வெயிலில் எங்கள் வீட்டில் முதலில் மாண்டது மல்லிகை. மாசி பிறந்த பின் ஒரு துளி மழையும் இல்லை. எங்கள் ஊரான கிள்ளானில் பிற்பகல் மழை என்பது பள்ளிக்கூட மணியைப் போல எதிர்பார்க்கத்தக்கது. அது நின்றபோது முதல் ஒரு வாரம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மல்லிகைக்குப் பின் நந்தியாவட்டை போயிற்று. அதன் இலைகள் ஓரத்தில் தீப்பற்றிய தாளைப் போல உட்புறமாகச் சுருண்டன. செம்பருத்தி மட்டும் பங்குனி நடுப்பகுதி வரை பிடிவாதமாக நின்று, விடியற்காலையில் இரண்டு மூன்று மலர்களைத் தந்தது. அவையும் குழந்தையின் உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துவிட்டன. பின்னர் அதன் மொட்டுகள் விரியாமலேயே உதிரத் தொடங்கின.

உதிர்ந்த மொட்டுகளை நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்தவள் என் அக்கா. எனக்கு ஆறு வயது மூத்தவள். சுங்கை வே என்னும் ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் நின்றபடியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி இறந்த பிறகு நானும் அவளுமாகக் கிள்ளானில் இந்த வரிசை வீட்டில் வாழ்கிறோம். உச்சிப் பொழுதுக்குள் சாமி அறையில் புதுப் பூ வைத்து விளக்கேற்றுவது அவளுடைய அன்றாட ஒழுங்கு. புதுப் பூ என்றால், அன்று மலர்ந்து, அன்றே தன் கையால் பறித்த பூ.

"லிட்டல் இந்தியாவுல வாங்கிட்டு வந்துடறேன்க்கா. பொட்டலம் பொட்டலமா விக்கிறான்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"ஐஸ்பெட்டியில நாலு நாள் கெடந்த பூவ சாமிக்குப் போடச் சொல்றியா? ஒனக்கு நாலு நாள் பழைய சோத்த வைக்கிறேன், சத்தமில்லாம தின்னுட்டுப் போறியா?"

அதன் பிறகு நான் அப்பேச்சை எடுக்கவில்லை.

அக்காவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. சிகிச்சை பெற்றுவந்த நலநிலையத்தில் ஒரு தாதி, இரண்டு பாதங்களின் படம் அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்து, கால்களைக் கண்ணைப் போலக் காக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பணிந்தே நடக்க வேண்டும், இரவில் உள்ளங்கால்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். கண்ணாடி பார்ப்பது சில மாதங்கள் நடந்தது. எதுவும் தென்படாததால் நின்றுபோயிற்று. செருப்பு மட்டும் நிலைத்தது. சமையலறையிலும் கூடத்திலும் அக்கா ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டுதான் நடப்பாள். இரண்டே வேளைகளில் கழற்றுவாள்: சாமிக்குப் பூப் பறிக்கும்போதும், பறித்த பூவோடு சாமி அறைக்குச் செல்லும்போதும். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அப்படியே வளர்ந்தவன்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டின் முன்புறம் சென்ற ஆண்டு வரை புல்தரையாக இருந்தது. கொசு, டெங்கிக் காய்ச்சல், புல் வெட்ட வருபவர் சொன்ன நாளில் வராமை, என் முழங்கால் வலி ஆகியவற்றைக் காரணம் காட்டி அதை மூடிவிடத் தீர்மானித்தேன். உண்மையான காரணம் சோம்பல்.

"ரெண்டு மொழம் மண்ணாவது விடேன்டா" என்றாள் அக்கா. வேலியோரமாக ஒரு முழம் விட்டேன்.

தரை ஓடு பதிக்க வந்தவர் நான்கைந்து மாதிரிகளை வாசற்படியில் பரப்பினார். "அங்கிள், இந்த டார்க் கலர் எடுங்க. அழுக்கே தெரியாது. வெள்ளை எடுத்தா வாரா வாரம் கழுவிக்கிட்டுக் கெடக்கணும் லா."

கழுவ வேண்டியவன் நான் என்பதால் கரும் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தேன். பதித்து முடித்த அன்று அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ரோட்ட இழுத்து வீட்டுக்குள்ள போட்டுட்டே" என்றாள். அவள் சொன்னது நிறத்தைப் பற்றி மட்டுமே. வேறெதையும் அவளும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

செம்பருத்தியும் ஓய்ந்தபின் எங்களுக்கு எஞ்சியது பத்து மணிப் பூ. அந்தத் தரையில், வேலியோர மண்ணையொட்டி நான்கு நீண்ட தொட்டிகளில் அக்கா அதை வளர்த்திருந்தாள். ஊசி போன்ற, நீர் நிறைந்த இலைகள்; கொடியும் அல்லாத செடியும் அல்லாத ஒரு படர்வு. நாற்று விற்ற மலாய்ப் பெண் அதை ரோஸ் ஜெப்பூன், ஜப்பான் ரோஜா, என்றார். மற்றவை கருகக் கருக அது தழைத்தது. அதன் மொட்டு விடியலில் இறுக மூடியிருக்கும். பத்து மணிக்கு மேல், வெயில் நேராக விழும்போதுதான் விரியும். மேகம் மூடிய நாளில் விரியவே விரியாது. இரண்டு மணிக்குள் சுருங்கி, நனைந்த தாள் உருண்டையைப் போலக் காம்பின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பூவின் வாழ்நாள் நான்கு மணி நேரம். மறுநாள் பூப்பது வேறு பூ.

செம்பருத்தியை அக்கா விடியலில், தரை பனியில் குளிர்ந்திருக்கும்போது சென்று பறித்துவந்தவள். பத்து மணிப் பூவுக்காகப் பதினொரு மணிக்குச் செல்லத் தொடங்கினாள். குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, பித்தளைத் தட்டை ஏந்தி, வாசற்படியில் செருப்பை விட்டு இறங்குவாள். மிக மெல்லிய இதழ்கள். அழுத்திப் பிடித்தால் கசங்கி, செந்நீலச் சாறு விரலில் ஒட்டும். ஒவ்வொன்றாகக் காம்பில் கிள்ளித் தட்டை நிறைக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்நாள்களில் பள்ளிகளில் திடல் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். வெளியில் செல்லவேண்டாம் என்று கைப்பேசியில் நாள்தோறும் யாராவது ஒருவர் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் வாசல் எங்களுக்கு வெளியாகத் தோன்றவில்லை.

அடுத்த வீட்டில், அலுவலகங்களுக்கு மதிய உணவு சமைத்தனுப்பும் ஒரு பெண் குடியிருக்கிறாள். எங்களை அண்ணே, அக்கா என்றுதான் அழைப்பாள். ஒரு முற்பகலில் அவள் வேலியின் அப்பக்கம் துணி உலர்த்த வந்து, அக்காவைக் கண்டு நின்றாள்.

"என்னாக்கா இது, வெறுங்காலோட நிக்கிறீங்க? நேத்து நான் செருப்ப மறந்துட்டு வந்து அஞ்சு எட்டு வைக்க முடியல. குரங்காட்டம் குதிச்சுக்கிட்டு ஓடுனேன். ஸ்லிப்பரப் போடுங்க."

"சாமிப் பூவும்மா."

"சாமி ஒண்ணும் சொல்லாது. சாமிய வந்து இந்த டைல்ஸ்ல ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க, பாப்போம்."

அக்கா சிரித்தாள். "மெய்யாத்தான் சொல்றேன், எனக்குச் சுடவே இல்ல. சும்மா வெதுவெதுன்னு இருக்கு."

பெண்ணின் குரல் மாறிற்று. அவளுடைய கணவர் ஆண்டுதோறும் அம்மன் கோயிலில் தீ மிதிப்பவர். பூக்குழியில் இறங்கினால் ஈரச் சாக்கின்மேல் நடப்பதைப் போல இருக்கும் என்று அவர் சொல்லக் கேட்டவள். "எங்க வீட்டுக்காரரும் இதையேதான்க்கா சொல்லுவாரு. அப்ப ஒங்ககூட அம்மா நிக்கிறா" என்றாள்.

நான் கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். தாளை இறக்காமலேயே, "எங்க வீட்டுல பூப் பறிக்கப் போறவங்க செருப்புப் போடறதில்ல, தங்கச்சி" என்றேன். அதைச் சொன்ன குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அந்தக் குரலை நான் இப்போது அடிக்கடி கேட்கிறேன்.

செய்தி வேலியோடு நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு மூதாட்டி அக்காவின் இரு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நெருப்புத் தரையில நின்னு அம்மாவுக்குப் பூப் பறிக்கிறீங்களாமே" என்றார். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் எண்ணால் அழைக்கப்பட்டவள் அக்கா. திருமண வீடுகளில் பின்வரிசையில் அமர்ந்து பழகியவள். யாரும் அவள் கையைக் கண்ணில் ஒற்றியதில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாளிலிருந்து தட்டு நிறைந்த பிறகும் அவள் சற்று நேரம் அங்கேயே நின்றாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, கூடத்து வெள்ளைத் தரையில் கறைகளைக் கண்டேன். வாசலிலிருந்து சாமி அறை வரை, தேய்ந்து தேய்ந்து, பழுப்பு கலந்த செந்நிறத்தில் இருந்தன.

"பூவ மிதிச்சுக்கிட்டு உள்ள வராதேக்கா. தரையெல்லாம் சாயம்."

"எங்கடா மிதிச்சேன்?"

"கீழ பாரு."

குனிந்து பார்த்தாள். "தட்டுலேர்ந்து விழுந்திருக்கும். கெழட்டுக் கண்ணுக்கு எங்க தெரியுது" என்றாள்.

நான் துடைத்தேன். வாளியில் நீர் இளஞ்சிவப்பாயிற்று. மறுநாளும் துடைத்தேன், அதற்கு மறுநாளும். பூவின் சாயம் எவ்வளவு எளிதில் நீரில் கரைகிறது என்று வியந்ததும் நினைவிருக்கிறது. மூன்று நாள் அக்காவின் காலிலிருந்து வடிந்ததை என் கையால் பிழிந்து, கழிவுநீர்க் கால்வாயில் ஊற்றியிருக்கிறேன்.

நான்காம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சொற்பொழிவு கேட்கக் கொமுட்டர் ரயிலில் செல்வது என் வழக்கம். கேட்டுவிட்டுத் திரும்பும்போது, ஷா ஆலம் நிலையத்தை நெருங்குகையில், அடுத்த வீட்டுப் பெண் அழைத்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ரயில்ல. ஏம்மா?"

"அக்கா கால நீங்க பாத்தீங்களா? படியேறயில பின்னாலேர்ந்து பாத்தேன். அடிப்பாதத்துல தோலே இல்லண்ணே. வாடை வருது. அவங்க பாட்டுக்கு நடக்கிறாங்க. சொன்னா சிரிக்கிறாங்க. சீக்கிரம் வாங்க."

ரயில் என்றும் போலவே சென்றது. அதற்குமேல் அந்தப் பயணத்தைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை.

அரசு மருத்துவமனையில் அக்காவைப் பார்த்த மருத்துவர் ஓர் இளம் தமிழ்ப் பெண். கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து, இரண்டு உள்ளங்கால்களையும் நெடுநேரம் பார்த்தார். வலக்காலின் குதிகாலும் விரல்களின் அடியும் கொப்புளமாகி உடைந்து, உள்ளே கருத்திருந்தன; இடக்காலில் குதிகாலில் மட்டும் கொப்புளம்.

"ஆன்டி, என்னிக்குச் சுட்டுக்கிட்டீங்க?"

"சுட்டுக்கலியே."

"சுடுதண்ணி ஏதும் கொட்டிச்சா?"

"இல்லம்மா."

மருத்துவர் ஒரு பிடியில் செருகிய மெல்லிய நைலான் இழையை எடுத்தார். "கண்ண மூடிக்குங்க. இது கால்ல பட்டா, தெரியுதுன்னு சொல்லுங்க. போதும்."

அக்கா கண்களை மூடினாள். இடக்காலின் புண்ணில்லாத நடுப்பகுதியில் இழை பட்டு, வில்லைப் போல வளைந்தது. அக்கா பேசவில்லை. கட்டைவிரலின் அடியில் பட்டது. பேசவில்லை. மூன்றாம் முறை மருத்துவர் கையை இன்னும் கால் அருகே கொண்டுசெல்லவில்லை. இழை வெறும் காற்றில் இருந்தது.

"தெரியுது" என்றாள் அக்கா.

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"இப்பவும் தெரியுது" என்றாள், மூடிய கண்களோடு, தேர்வில் எப்படியும் தேறிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கும் மாணவியைப் போல.

கட்டிலைவிட்டுச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்று மருத்துவர் சொன்னார்: "நரம்பு செத்துப் போச்சு அங்கிள். போன வருசமே போயிருக்கலாம். வெறுங்காலோட எங்க நடந்தாங்க?"

தரையோட்டைப் பற்றிச் சொன்னேன். பூவைப் பற்றியும் சொன்னேன்.

"எத்தன மணிக்கு?"

"பதினோரு மணிக்கு. நாள்தோறும்."

அவர் எழுதிக்கொண்டார். ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் திரும்பி வந்தபோது அக்கா கூரையின் காற்றாடியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மருத்துவரின் பேச்சு அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அப்ப அது அம்மா இல்லியாடா?"

போர்வையைக் கால் மறைய இழுத்துவிட்டேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திராது.

மறுநாள் அவளுடைய மாற்றுடைகளை எடுக்க வீட்டுக்கு வந்தேன். மணி பதினொன்றரை. பறிக்க ஆளில்லாததால் நான்கு தொட்டிகளும் இலை தெரியாமல் பூத்திருந்தன: செந்நீலம், மஞ்சள், வெள்ளை. அந்த வெயிலில் அவ்வளவு பூவைப் பார்க்கக் கண் கூசிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நின்று பார்க்கலாம் என்று எண்ணினேன். துணிவு வரவில்லை.

அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு வந்தாள். அழுதிருந்தாள். "நாந்தாண்ணே சொன்னேன், அம்மா நிக்கிறான்னு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"மொதல்ல செருப்பப் போடச் சொன்னதும் நீதானே. வேண்டாம்னு சொன்னது நான்" என்றேன்.

மாற்றுடைகளை எடுக்க உள்ளே சென்றேன்.

இடக்கால் மெல்ல ஆறிற்று. வலக்காலில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு வாரம் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் நான் நாள்தோறும் கட்டுப் பிரிக்கும் நேரத்துக்குச் சென்று நின்றேன். புண்ணின் ஓரம் சிவந்திருந்தால் நல்லது, கருத்திருந்தால் தீது என்று தாதியர் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் கருமை புறங்காலுக்கு ஏறியிருந்தது. எட்டாம் நாள் இளம் மருத்துவர் ஒப்புதல் தாளோடு வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தாமதித்தால் உயிருக்கு இடர் என்றார். கையொப்பம் என்னுடையதோ என்று கையை நீட்டினேன். அக்கா எழுதுகோலை வாங்கிக்கொண்டாள்.

"எடுத்துருங்கம்மா. இருந்தாலும் அதுல எனக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல" என்று சொல்லி, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள்.

சித்திரை கடைசியில் மழை வந்தது. வந்தபின் நாள்தோறும் பெய்தது. செம்பருத்தியின் அடிக்கட்டை துளிர்த்தது; செத்ததென்று நான் எண்ணிய நந்தியாவட்டையும் ஓர் இலை விட்டது. பத்து மணிப் பூ அழுகிற்று. தண்டுகள் குழைந்து, தொட்டியின் விளிம்பில் வழிந்து கிடந்தன. அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, தொட்டிகளை அவள் பார்த்துவிடக் கூடாதென்று பின்புறத்துக்கு நகர்த்தியிருந்தேன். வீட்டுப் பக்கமாக, கூரை விளிம்பின் கீழ் இருந்ததால் கடைசித் தொட்டி மட்டும் தப்பியிருந்தது, அதை விட்டுவைத்தேன். தரையோடுகளைப் பெயர்க்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். மழை ஓயட்டும் என்கிறார்.

சென்ற வாரம் ஒரு நாள் வானம் வெளுத்து, வெயில் பழையபடி விழுந்தது. அந்தத் தொட்டியில் ஐந்து பூக்கள் விரிந்தன. அக்கா கம்பிக் கதவருகில் நாற்காலியில் இருந்தாள். வீடு திரும்பிய பிறகு அவள் சாமி அறைப் பக்கம் போகவில்லை. நான் விளக்கை ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். பூ வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"பதினொண்ணாச்சு. அந்த அஞ்சையும் பறிச்சிட்டு வாயேன்" என்றாள்.

எழுந்தேன்.

"செருப்பப் போட்டுக்கிட்டே போ. அடுத்த வீட்டுப் பிள்ள சொன்னாப்ல, சாமி ஒண்ணும் சொல்லாது."

செருப்பை வாசற்படியில் விட்டு இறங்கினேன். முதல் அடியில் வெறும் சூடு. இரண்டாம் அடியில் அது தோலைக் கடந்து உள்ளே ஏறிற்று. தொட்டியை அடைவதற்குள் பாதத்தின் ஓரத்தால் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பூவைக் கிள்ளினேன்.

"சுடுதாடா?"

"சுடுதுக்கா."

"எப்படிச் சுடுது?"

இரண்டாம் பூவைக் கிள்ளியிருந்தேன். கால்கள் மாறி மாறித் தாமாகவே உயர்ந்தன. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியின்றிப் பிடிப்பதைப் போல என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது இவ்வளவே: "நிக்க முடியலக்கா."

அக்கா என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ நெடுநாளாகச் சொல்லிவந்த ஒன்றைக் கண்ணால் கண்டு உறுதிசெய்துகொள்பவளைப் போல மெல்லத் தலையசைத்தாள்.

"அவ்வளவு சுடுமா" என்றாள். பிறகு, "வந்துரு. போதும்."

இரண்டு பூக்களோடு உள்ளே வந்தேன். அவற்றை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். சாமி அறைக்குத் தள்ளிச் செல்லட்டுமா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்தாள். எஞ்சிய மூன்றும் தொட்டியில் இருந்தன. அவை சுருங்கும்வரை, இரண்டு மணி அளவில், அவள் கதவருகிலேயே அமர்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த இரண்டும் அதற்கு முன்பே சுருங்கிவிட்டன.